மௌத்து வீட்டில் அழுவதும் அறிவும்: அல்-கிந்தியின் ஒரு சிறு நூல்



உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் கொஞ்ச நாளாக வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ரோமப் பேரரசர் மார்கஸ் ஒரேலியஸின் சிலைப் படத்தைப் போடுகிறார்கள். எது நடந்தாலும் கலங்காதே என்ற மாதிரி ஒரு வசனமும் கீழே இருக்கும். ஸ்டோயிக் தத்துவமாம். நல்லதுதான். ஆனால் போன கிழமை ஒரு மாணவர், "சேர், அப்ப மௌத்து வீட்டிலயும் அழக் கூடாதா?" என்று கேட்டார். ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடிக்க இயலாத பதிலை இங்கே எழுதுகிறோம்.

இந்தத் தத்துவத்தைத் தொடங்கியவர் ஸீனோ. சைப்ரஸ் தீவுக்காரர். சரக்கோடு வந்த கப்பல் உடைந்து ஏதென்ஸில் ஒதுங்கிய வியாபாரி என்று பழைய வரலாறு சொல்கிறது. கி.மு. 300 அளவில் அங்கே ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார். அதனால்தான் அறபியில் இவர்களை 'ரிவாக்கிய்யூன்', அதாவது மண்டபத்தார் என்கிறார்கள். பின்னர் வந்த எபிக்டெடஸ் அடிமையாக இருந்து விடுதலையானவர், கால் ஊனமானவர். மனிதனைக் குழப்புவது நடந்த சம்பவமல்ல, அதைப் பற்றி அவன் மனதில் எழுதிக்கொள்ளும் தீர்ப்பே என்பது அவருடைய போதனையின் சாரம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிந்தனையை ஆங்கிலம் வழியாக வந்த புதுச் சரக்கு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே பக்தாத் போய்விட்டது. 'அறபிகளின் தத்துவஞானி' என்று பெயர் பெற்ற அல்-கிந்தி, கவலைகளை அகற்றும் வழி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவரும் இழப்பை அறியாதவரல்ல. கலீபா முதவக்கிலின் காலத்தில் அவருடைய நூலகம் முழுவதும் பறிக்கப்பட்டு, பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

கவலை என்றால் என்ன என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். விரும்பியது கையை விட்டுப் போவது, அல்லது தேடியது கிடைக்காமல் போவது. அழியும் உலகத்தில் அழியாத பொருளைக் கேட்பவன் இல்லாததைக் கேட்கிறான் என்கிறார். எம்மிடம் இருப்பதெல்லாம் இரவல். தந்தவன் நாடிய நேரம், நாடிய கையால் திருப்பி எடுப்பான். எபிக்டெடஸும் இதே கருத்தைச் சொல்லியிருக்கிறார். எமக்கு இது புதிதா? உம்மு சுலைம் (ரழி) அவர்கள் தம் பிள்ளை மௌத்தான இரவில், இரவல் தந்தவர் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று கணவர் அபூ தல்ஹாவிடம் கேட்டுவிட்டுத்தானே செய்தியைச் சொன்னார்கள்!

அதே நூலில் ஒரு கதை. மரணத் தறுவாயில் இருந்த அலெக்சாந்தர் தன் தாய்க்குக் கடிதம் எழுதுகிறார்: என் மௌத்துச் செய்தி வந்ததும் ஒரு பெரிய விருந்து வையுங்கள், எந்த முசீபத்தும் தொடாதவர்கள் மட்டும் வரட்டும். விருந்து நாளில் ஒருவரும் வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான் மகன் தனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான் என்பது அந்தத் தாய்க்கு விளங்கியது. எமது சிங்கள அயலவர்களுக்குத் தெரிந்த கிசாகோதமியின் கடுகுக் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

2005 ஜனவரியில் எமது கரையில் இந்த விருந்தை வைத்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். சுமாத்ராவுக்கு அருகே காலையில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரை முழுக்கக் கடல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாட்டிலேயே ஆகக் கூடிய இழப்பு எமது மாவட்டத்துக்குத்தான்.

அகதி முகாமாகிவிட்ட ஒரு பாடசாலையில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு உம்மா இருந்தா. அழும்போதெல்லாம் யாராவது வந்து, "அழாதீங்க, சபூர் செய்யுங்க" என்பார்கள். நாமும் சொன்னோம். சிலர் இன்னும் ஒரு படி போய், ஊர் செய்த பாவத்துக்கு வந்த தண்டனை என்றார்கள். அதற்குப் பிறகு அவ அழவில்லை. பேசவுமில்லை. கடல் எடுத்தது பிள்ளைகளை. "என் பாவத்தால்தான் போனார்கள்" என்ற தீர்ப்பை அந்த நெஞ்சில் எழுதியது நாம். எபிக்டெடஸ் சொன்னது இங்கேதான் எமக்கு உறைத்தது.

ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடி வயதில் வபாத்தானார். நபியவர்கள் அழுதார்கள். நீங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்றார்கள். அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. பிள்ளையின் மௌத்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு தகப்பனுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் யாருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்களே திருத்தினார்கள். ஒரே நாளில் கண்ணீரும் இருந்தது, கலங்காத புத்தியும் இருந்தது. ரோமாபுரி ஸ்டோயிக்கரான செனெகாவும் நண்பனை இழந்த ஒருவருக்கு, அழவே கூடாது என்று எழுதவில்லை. அளவோடு அழச் சொன்னார். ஸ்டேட்டஸ் வசனங்களில் இந்தப் பகுதி வருவதில்லை.

மாணவருக்கு நாளைக்கு இதைத்தான் சொல்லப் போகிறோம். இப்போது பாடசாலையில் இருக்கும் பிள்ளைகள் யாரும் சுனாமியைக் கண்டவர்களல்லர். அந்த முகாம்களில் உங்களுக்கு யார், என்ன சொல்லி, அல்லது ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து ஆறுதல் தந்தார்கள் என்று ஞாபகமிருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.