எல்லை கடந்த நலம்: தென்கிழக்காசியப் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சி

பல்கலைக்கழகங்களுக்கிடையேயான கூட்டாய்வைப் புதுமை எனக் கருதுவோர் நம் மண்ணின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1904ஆம் ஆண்டில் டான் ஜியாக் கிம் தலைமையில் சிங்கப்பூர்ப் பெருமக்கள் மருத்துவப் பள்ளி வேண்டுமென விண்ணப்பித்து, 87,077 வெள்ளி திரட்டினர். மறு ஆண்டு ஜூலை 3ஆம் நாள் 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கிற்று. நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் நாடுகள் ஆகிய இரண்டின் பெயரையும் அது தாங்கியிருந்தது. இடம், சிப்பாய் லைன்ஸ் பகுதியில் இருந்த பழைய பெண்கள் மனநோய் விடுதி. மாணவர் மனநலமே முதன்மைப் பொருளாகிவிட்ட இந்நாளில் அக்கட்டடத்தை நினைக்காமல் இருக்க இயலவில்லை.

அப்பள்ளியே பின்னர்க் கல்லூரியாகி, 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. தமிழ் முரசின் முயற்சியாலும் மக்களின் நன்கொடையாலும் வலுப்பெற்ற இந்திய ஆய்வியல் துறை 1956இல் அங்கேதான் தோன்றியது. 1959இல் இரு பிரிவுகள். 1962இல் இரு பல்கலைக்கழகங்கள். இந்தியத் துறை கோலாலம்பூருக்குச் சென்றது. ஒரே கூரையின்கீழ் இயல்பாக நடந்த அறிவுப் பகிர்வுக்கு அதன்பின் ஒப்பந்தமும் உறுப்பியமும் தேவைப்பட்டன.

1995இல் அமைந்த ஆசியான் பல்கலைக்கழக வலையமைப்பில், பிரிந்த இரு கிளைகளும் தொடக்க உறுப்பினராய் மீண்டும் சந்தித்தன. அதன் ஒரு கிளையாக, உடல்நல மேம்பாட்டுக்கென்றே தனி வலையமைப்பு 2014இல் தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பெற்றது. இதற்குத் துணைநின்ற தாய்லாந்து உடல்நல மேம்பாட்டு நிதியத்தின் வருவாய் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகையிலைக்கும் மதுவுக்கும் விதிக்கும் தீர்வையின்மேல் கூடுதலாக 2 விழுக்காடு பெற்று அது இயங்குகிறது. மாணவர் எப்பொருளை விட்டு விலக வேண்டுமோ அப்பொருளே அவர்தம் நலத்துக்குப் பணம் தருகிறது. முரணாகத் தோன்றினும், ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்பார்த்து நிற்கும் பிற அமைப்புகளைவிட இது உறுதியான ஏற்பாடு என்பதே நம் கருத்து.

2017இல் வெளிவந்த நலமிகு பல்கலைக்கழகச் சட்டகம் மருத்துவமனைக் கதவுக்கு வெளியே வெகுதூரம் செல்கிறது. புகை, மது, போதைப்பொருள் ஆகியவற்றோடு சூதாட்டம், பகடிவதை, பாலியல் தொல்லை, சாலைப் பாதுகாப்பு விதிமீறல் ஆகியவற்றையும் அறவே ஏற்கவொண்ணாதவை என வகுத்தது. தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் வகுப்புக்கு வரும் இளைஞரை அறிந்த நமக்கு இதன் பொருத்தம் விளங்கும்.

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வலையமைப்பினர் 7 நாடுகளின் 17 பல்கலைக்கழகங்களில் 15,366 இளநிலை மாணவரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளியாயிற்று. போதிய உடலியக்கமின்மை, இனிப்புப் பானம், மிகையான உப்பு எனப் பல நாடுகளுக்கும் பொதுவான பழக்கங்களை அது எடுத்துக்காட்டியது. எனினும் இத்தகைய ஆய்வுகள் மாணவர் தாமே தரும் விடைகளை நம்பி நிற்பன. விடையோ வினாவின் சொல்லைப் பொறுத்தது. இனிப்புப் பானம் என்றதும் கோலாலம்பூர் மாணவர் புட்டிப் பானத்தை எண்ணுவாரா, உணவங்காடியில் நாள்தோறும் அருந்தும் தே தாரிக்கையும் சேர்த்து எண்ணுவாரா? சொல் தெளிவாயில்லையெனில், நாடுகளுக்கிடையே காணும் வேறுபாடு பழக்கத்தின் வேறுபாடா, மொழிபெயர்ப்பின் வேறுபாடா என்று பிரித்தறிய முடியாது.

மொழி மன்றத்தார்க்கு இங்கேதான் வேலை இருக்கிறது. தமிழில் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே தொடர், தேர்வுக்கு முந்தைய நாளின் நெருக்கடியையும் மாதக்கணக்கில் நீடிக்கும் நோயையும் ஒருங்கே சுமக்கிறது. நோய்க்கு ‘மனச்சோர்வு’ என்ற சொல் இருந்தும் பேச்சில் அது களைப்பாகவே கொள்ளப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலோ மலாயிலோ வினாவுக்கு விடையளிக்கும் நம் மாணவர், வீடு திரும்பித் தாயிடம் அதே நிலையைத் தமிழில் சொல்ல முனையும்போது, “களைப்பாக இருக்கிறதா, போய்த் தூங்கு” என்ற மறுமொழியே கிடைக்கிறது. தாய் அன்பில்லாதவர் அல்லர். அவர் செவியில் விழுந்த சொல் அவ்வளவுதான்.