கோடைக்கால ஒயின்கள்

வெயில் காலத்தில் குளிரவைத்துப் பருகும், கனமில்லாத, புளிப்பு சற்றுத் தூக்கலான ஒயின்கள். இவற்றுள் முதலில் சொல்லவேண்டியது, போர்ச்சுக்கலின் வடமேற்கில் மின்யோ பகுதியில் விளையும் வின்யோ வெர்டே. அதன் விளைநிலம் 1908-இல் எல்லை வகுக்கப்பட்டது. பெயருக்குப் 'பச்சை ஒயின்' என்று பொருள். பச்சை என்பது இங்கே நிறமன்று, இளமை. திராட்சைக் கொடியை மரத்திலும் உயரப் பந்தலிலும் ஏற்றிவிட்டு, அடியில் காய்கறி போடுவது அங்கே பழைய வழக்கம். ஆல்கஹால் பெரும்பாலும் 9 முதல் 11 விழுக்காடு. நாக்கில் சுருக்கென்று குமிழும். ஜூன் மாதத்தில் போர்ட்டோ நகரத் தெருக்களில் கரியடுப்பில் மத்தி மீன் சுடுவார்கள். எண்ணெய் சொட்டும் அந்த மீனுக்கு, வறுவல்மேல் பிழியும் எலுமிச்சையின் வேலையை இந்த ஒயின் செய்கிறது. இதைவிடப் பொருத்தமான இணை அரிது.

பிரான்சில் லுவார் ஆற்று முகத்துவாரப் பக்கத்து மஸ்கடே ஒயின், சிப்பிக்கு ஏற்றது. புரவான்ஸின் வெளிர் ரோஸே, பூண்டு மணக்கும் மீன் குழம்புக்கு. ஸ்பெயினின் சான்லூக்கரில் மன்சனீயா என்னும் ஒயினை இறாலோடு பருகுவார்கள். அதில் ஆல்கஹால் 15 விழுக்காடு என்பதால் சிறு கோப்பை போதும். இந்த ஒயின்களை 8 பாகை செல்சியசை ஒட்டிப் பரிமாறுவது நல்லது. மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.