இலக்கம் மலையேறிய கதை

ஹட்டன் பஸ் நிலையத்தை ஒட்டி நிற்கும் ஆட்டோக்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். புதியவற்றின் இலக்கத் தகடு 'ஏ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். மோட்டார் சைக்கிளுக்கு 'பி'. பொகவந்தலாவைக்குப் புறப்படும் பஸ்ஸுக்கு 'என்'. இரண்டோ மூன்றோ எழுத்து, நான்கு இலக்கம், அவ்வளவுதான். எழுத்துகளை இப்படி மாற்றி மாற்றி அடுக்கும் யோசனை இந்த மலைக்கு வந்து சேர ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் அல் கலீல் என்ற இலக்கண அறிஞர் இருந்தார். அரபு மொழிக்கு அகராதி செய்ய உட்கார்ந்தவர், காதில் விழுந்த சொற்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக, 28 எழுத்துகளால் எத்தனை சொற்கள் அமையலாம் என்பதிலிருந்து ஆரம்பித்தார். எழுத்து திரும்ப வராமல் இரண்டெழுத்து முதல் ஐந்தெழுத்து வரை அடுக்கினால் 12,305,412. இந்தக் கணக்கு அவர் பெயரில்தான் வழங்கிவருகிறது. பெருக்கிப் பார்த்தால் பிசகில்லை. அப்படி அமையக்கூடியவற்றில் மக்கள் நாவில் வழங்குபவை எவை, வழங்காதவை எவை என்று பிரித்தார். கதை முழுக்க நம்மோடு வரப்போவது அந்தப் பிரிவினைதான்.

அடுத்து 1666. ஜெர்மனியில் இருபது வயது லைப்னிட்ஸ் இதே சேர்க்கைக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது போல, அடிப்படைக் கருத்துகளைச் சேர்த்தே எல்லாச் சிந்தனையையும் பெற்றுவிடலாம் என்பது அவருடைய கனவு. அந்த லைப்னிட்ஸைப் பற்றி 1900இல் புத்தகம் எழுதியவர் பெர்ட்ரண்ட் ரஸல். 1904 ஜனவரி முதலாம் திகதி பிரிட்டனில் வாகன இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது லண்டனில் 'ஏ 1' என்ற தகட்டைப் பெற்ற பிரபு, அவருடைய அண்ணன்!

தகடு என்ற எண்ணம் பிரிட்டனுடையதல்ல. 1893இலேயே பாரிஸ் பொலிஸார், வண்டிக்காரரின் பெயர், விலாசம், இலக்கம் மூன்றையும் பொறித்து மாட்டச் சொல்லிவிட்டார்கள். பார்த்துப் பழகிய பிரிட்டன், மக்கள்தொகை வரிசையில் ஊர்களுக்கு எழுத்தைப் பங்கிட்டது. லண்டனுக்கு ஏ, லங்காஷயருக்கு பி. ஓரெழுத்து தீர்ந்ததும் ஈரெழுத்து.

இந்தத் தகடு கப்பலேறி வருமுன்பே மலையகம் எழுத்தடுக்கில் தேறியிருந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883. வியாபாரிகள் தூளின் தரத்தை ஆங்கில எழுத்துகளால் குறித்தார்கள். இன்றைக்கும் எந்த ஸ்டோருக்குள் போனாலும் சலித்துக் குவித்த தூளுக்குப் பக்கத்தில் பீ.ஓ.பீ. (BOP) என்ற அட்டை இருக்கும். அதற்கு முன்னால் எஃப் போட்டால் 'ஃபிளவரி': துளிர் தெரியும் இலை. அதே எஃப்பைப் பின்னால் போட்டால் 'ஃபெனிங்ஸ்': பொடிப் பொடியான தூள், சட்டென்று சாயம் இறங்கும். பார்வையும் விலையும் வேறு. நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். வியாபாரத்துக்கு வேண்டியிருந்தவை அந்த இரண்டுதான். அல் கலீல் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

இலங்கை வாகனங்களுக்கு வெள்ளைக்காரர் 'சிலோன்' என்ற நாட்டுப் பெயரிலிருந்தே எழுத்தெடுத்தார்கள். அதன் ஆறு ஆங்கில எழுத்துகளில் 30 ஈரெழுத்துச் சோடிகள் உண்டு. புழங்கியவை சி.எல்., சி.என்., சி.ஒய்., இ.எல்., இ.என்., இ.ஒய். போன்ற சில. துரைமாரின் கார்கள் இந்த எழுத்துகளோடுதான் தோட்டப் பாதைகளில் வளைந்து ஏறின.

1956இல் பண்டாரநாயக்க அரசு வந்தது. சிங்களம் மட்டும் அரச மொழியானது. கையோடு தகட்டிலிருந்த ஆங்கிலம் போய்ச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது விசித்திரமான முடிவு. ஒரே எழுத்தை வைத்து எதை மாற்றி அடுக்குவது? எழுத்து வாளா இருக்க, பாரமெல்லாம் எண்ணின் தலையில் விழுந்தது. 1 ஸ்ரீ 9999 முடிந்ததும் 2 ஸ்ரீ, பிறகு 3 ஸ்ரீ.

கணக்கோடு நிற்கவில்லை. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பில் இறங்கியது. சிங்கள எழுத்தின்மேல் தார் பூசினார்கள். தமிழ் 'ஸ்ரீ' எழுதிக் கார் ஓட்டினார்கள். நம்முடைய 247 எழுத்துக்குள் அந்த ஸ்ரீ கிடையாது, அது கிரந்தம் என்பதை அந்தச் சூட்டில் யார் யோசிப்பார்கள்? தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் விழுந்தது. மலையகமும் தப்பவில்லை. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் செத்தார்கள். அதே மாதம் 9ஆம் திகதி, தமிழரசுக் கட்சியோடு செய்துகொண்டிருந்த பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் இனக்கலவரம். ஒரு தகட்டுக்கு உரிய விலையா இது? ஆனால் பிரச்சினை தகடல்ல, அதில் யாருடைய எழுத்து என்பதுதான்.

ஸ்ரீக்கு முன்னிருந்த எண் முப்பதைத் தாண்டியது. பின்னாளில் ஸ்ரீ இருந்த இடத்தில் ஒரு சிறு கோடு வந்து உட்கார்ந்தது. யாருக்கும் கோபம் வரவில்லை. கோட்டுக்கு மொழி ஏது!

2000இல் ஆங்கில எழுத்து திரும்பியது. ஈரெழுத்து என்றால் 676 சோடி. ஆனால் முதல் எழுத்தை வாகன இனத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்கு 'என்' என்று வைத்தால் மிஞ்சுவது 26 எழுத்தும் 9,999 எண்ணும்: 259,974. பஸ்ஸுக்கு அது தாராளம், ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எந்த மூலைக்கு? அதனால்தான் மூன்றாம் எழுத்து. தமிழில் வைத்திருந்தால் ஈரெழுத்திலேயே 61,009 சோடி கிடைத்திருக்கும். 'ஙௌ ஞூ' என்று தகடு மாட்டிக்கொண்டு நானுஓயா இறக்கத்தில் பறக்கும் லொறியைக் குறித்துக்கொள்ளும் பொலிஸ்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மத்திய மாகாணத்துக்குரிய சீ.பீ. என்ற இரண்டெழுத்தும் தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அது மொத்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. வண்டியை வேறு மாகாணத்துக்கு விற்றால் தகட்டை மாற்றும் அலைச்சல்தான் மிச்சம். 2023 முதல் புதிய தகடுகளில் மாகாண எழுத்து இல்லை.

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஸ்ரீ தகடோ, அதற்கு முந்திய இ.என். தகடோ கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.