எஃப்(3) என்றால் பெருக்கலா?



ஆடிப்பூரத் தேர் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். கூட்டத்தில் பழைய மாணவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், எஃப்(3)னா எஃப்பை மூணால பெருக்கணுமான்னு கேட்டு உங்ககிட்ட திட்டு வாங்குனேனே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருந்தது. அதற்குப் பிறகு அவர் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

எஃப் ஓர் எண் அல்ல. ஒரு விதியின் பெயர். 1734-இல் ஆய்லர் இப்படி எஃப்பும் அடைப்புக்குறியுமாக எழுதினார். பெருக்கலுக்கும் அதே அடைப்புக்குறிதான். குழப்பம் வருவது நியாயமே.

'இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு' என்பது விதி என்றால் எஃப்(1) = 3, எஃப்(2) = 5, எஃப்(3) = 7. வெறும் பெருக்கலாக இருந்தால் முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வரவேண்டும். வருவதோ 8!

விதிக்குச் சூத்திரமும் கட்டாயமில்லை. தேர் நாளைச் சொல்லும் பஞ்சாங்கத்தையே பாருங்கள். பூரம் என்பது அன்று சந்திரன் நிற்கும் இடம். சந்திரன் பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கச் சுமார் 27.55 நாள், 9 சுற்றுக்கு 248 நாள். அதனால் வாக்கிய முறையில் 248 வாக்கியங்கள். எழுத்துகளே அங்கே எண்கள். நாளைக் கொடுத்தால் சந்திரன் நகர்ந்த அளவு கிடைக்கும். ஒரு நாளுக்கு ஒரே விடை. இதுதான் சார்பு. 248 தாண்டினால், சுற்றுக்குரிய திருத்தத்தைச் சேர்த்து மீண்டும் முதல் வாக்கியம்.

1825-இல் ஜான் வாரன் எழுதிய 'காலசங்கலித' நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்த செய்தி இருக்கிறது. கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்தான்! ஆனால் அந்தக் கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன்.

நானும் உங்களில் பலரை அப்படித்தான் விடை மட்டும் சொல்ல வைத்தேன். காரணம் கேட்டவரைத் திட்டி உட்கார வைத்தேன்.

தம்பி, தப்பு என்னுடையது. உன் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு என்றாய். அது என்ன கேட்டாலும் கேட்கவிடு.