தவறாக வசூலித்த ஜீவனாம்சத்தைத் திருப்பித் தருவது யார்? பைத்துல்மால் வரலாறு காட்டும் வழி



ஒரு குழந்தையின் தந்தை இவர்தான் என்று தீர்ப்பாகிறது. அவர் மாதந்தோறும் ஜீவனாம்சம் செலுத்தி வருகிறார். சில ஆண்டுகளுக்குப் பின், அக்குழந்தைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது தெளிவாகிறது. அவரிடமிருந்து பெற்ற பணம் உரிமையின்றிப் பெற்ற பணமே. ஆனால் அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது? பாலாகவும் சோறாகவும் உடுதுணியாகவும் மாறிச் செலவழிந்துவிட்டது. கொடுத்தவரும் குற்றமற்றவர், உண்ட குழந்தையும் குற்றமற்றது. இருவரில் யார் இழப்பைச் சுமப்பது?

இது கற்பனையான கேள்வியன்று. பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பிரிந்து வாழும் பெற்றோரிடமிருந்து குழந்தைப் பராமரிப்புத் தொகையை வசூலிக்க ஓர் அரசு அமைப்பு ஏற்படுத்தப்பட்டு, 1993-இல் பணியைத் தொடங்கியது. கணக்கீட்டுத் தவறுகளுக்காக அது கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 1995-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. கூடுதலாக வசூலான தொகையை அரசே திருப்பித் தரலாம்; அத்தொகையைக் குழந்தையை வளர்ப்பவரிடமிருந்து பின்னர்க் கேட்டுப் பெறுவதா, விட்டுவிடுவதா என்பதை அமைச்சர் முடிவு செய்யலாம் என்று அத்திருத்தம் கூறிற்று. அரசின் கருவூலம் இடையில் வந்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. இந்த எண்ணத்திற்கு நம் வரலாற்றில் மிகப் பழைய வேர்கள் உண்டு.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய முன்மாதிரி

ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிக்குப் பின், பனூ ஜதீமா குலத்தாரிடம் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் தாங்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லால் கூறத் தெரியாமல், மதம் மாறிவிட்டோம் என்ற பொருளுடைய வேறொரு சொல்லைக் கூறினர். அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, சிலர் கொல்லப்பட்டனர். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, அச்செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். இது புகாரியில் பதிவான செய்தி.

முறையீட்டோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அலீ (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்து அக்குலத்தாரிடம் அனுப்பினார்கள். அலீ (ரலி) அவர்கள் கொல்லப்பட்டோருக்கு உரிய இழப்பீட்டையும், சேதமான பொருட்களுக்கு உரிய விலையையும் கொடுத்தார்கள். நாய் நீர் குடிக்கும் பாத்திரத்திற்குக்கூட ஈடு தரப்பட்டது என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் வரலாறு கூறுகிறது. எல்லாம் கொடுத்த பின்னும் எஞ்சிய பொருளை, இரு தரப்பாரும் அறியாத இழப்பு ஏதேனும் இருக்கக்கூடும் என்ற பேணுதலுக்காக அவர்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். தம் ஆணையின்கீழ் நடந்த தவறுக்குத் தலைமையே ஈடு கொடுக்கும் என்ற நெறி அன்று நிலைநாட்டப்பட்டது.

குழந்தைகளின் பங்கு

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். தொடக்கத்தில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை எனும் விதி இருந்தது. ஒருநாள் இரவு, மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தாரைக் காவல் காத்துக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் காரணம் கேட்டார்கள். பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண், உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையை முன்கூட்டியே பால்குடி மறக்கச் செய்வதாகக் கூறினாள். மறுநாள் ஃபஜ்ர் தொழுகையில், ஓதுவது மக்களுக்குத் தெளிவாக விளங்காத அளவுக்கு உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். தொழுகை முடிந்ததும், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே தொகை உண்டு என்று அறிவித்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதி அனுப்பினார்கள். இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்துள்ளார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. பனூ சுலைம் குலத்தைச் சேர்ந்த அபூ ஜமீலா என்பவர், கைவிடப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து உமர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்தார். அவர் நல்ல மனிதர் என்று அவருடைய குலத்தலைவர் சான்று கூறினார். உடனே உமர் (ரலி) அவர்கள், அக்குழந்தை சுதந்திரமானது என்றும், அதன் பராமரிப்புச் செலவு தங்கள் பொறுப்பு என்றும் தீர்ப்பளித்தார்கள். அதாவது, தந்தை யாரென்று அறியப்படாத, தனக்கெனப் பொருளில்லாத குழந்தைக்குப் பைத்துல்மாலே பொறுப்பு. நம் கேள்விக்கான திறவுகோல் இந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

கருவூலம் காலியானபோதும்

ஹிஜ்ரி 99 முதல் 101 வரை (கி.பி. 717–720) ஆட்சி செய்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், முந்தைய ஆட்சியாளர்கள் அநியாயமாகப் பறித்தவற்றை உரியோரிடம் திருப்பித் தருவதையே முதற்பணியாகக் கொண்டார்கள். அக்காலத்தில் இராக்கில் பணியாற்றிய அபுஸ் ஸினாத் (ரஹ்) அவர்கள் கூறும் செய்தி வியப்பூட்டுவது: கலீஃபாவின் ஆணைப்படி உரியோருக்குத் திருப்பிக் கொடுத்துக் கொடுத்து இராக்கின் பைத்துல்மாலே காலியாயிற்று, அதன் பின் ஷாமிலிருந்து கலீஃபா பணம் அனுப்பினார்கள். மறுக்க முடியாத சான்றுகளைக் கொண்டுவருமாறு பாதிக்கப்பட்டோரை அவர்கள் அலைக்கழிக்கவில்லை. அநீதி நடந்த விதம் ஓரளவு தெளிவானதும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

முவத்தாவில் வரும் ஒரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ஓர் அதிகாரி அநியாயமாகக் கைப்பற்றிய பொருளைத் திருப்பித் தருமாறு அவர்கள் எழுதியபோது, கடந்த ஆண்டுகள் அனைத்திற்குமான ஜகாத்தை அதிலிருந்து எடுக்கும்படி முதலில் ஆணையிட்டார்கள். பின்னர் மற்றொரு கடிதம் அனுப்பி, ஒரே ஓர் ஆண்டின் ஜகாத்தை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். திரும்பி வருமென்ற நம்பிக்கையின்றி உரிமையாளரின் கையைவிட்டுப் போயிருந்த பொருள் அது என்பதே காரணம். திருப்பிக் கொடுக்கும்போதும் பாதிக்கப்பட்டவர் மீது மற்றொரு சுமை ஏறிவிடக் கூடாது என்ற கவலை அக்கடிதத்தில் தெரிகிறது.

சட்ட அறிஞர்களின் பார்வை

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். திருமண பந்தத்தில் பிறந்த குழந்தையின் வம்சாவளியைச் சந்தேகத்தின் பேரில் மறுக்க ஷரீஅத் இடந்தருவதில்லை. ஆகவே நம் கேள்வி, தந்தைமை சட்டப்படி நிலைபெறாத நிலைகளுக்கே பொருந்தும்.

தீர்ப்பில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதை ஹனஃபி அறிஞர்கள் இரண்டாகப் பிரித்தனர். தண்டனை போன்ற அல்லாஹ்வின் உரிமைகளில் காழி தவறினால் ஈடு பைத்துல்மாலின் பொறுப்பு. மனிதர்களிடையேயான பொருள் வழக்கில் தவறினால், தீர்ப்பால் பொருளைப் பெற்றவரே திருப்பித் தர வேண்டும். காழியின் ஆணைப்படி கணவனிடம் ஜீவனாம்சம் பெற்றுவந்த பெண், அவனுடைய பால்குடிச் சகோதரி என்று பின்னர்ச் சாட்சியம் வந்தால், அவன் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்றும் அவர்கள் எழுதியுள்ளனர்.

இந்த விதியை அப்படியே பொருத்தினால், ஏழைத் தாயும் அவள் குழந்தையும் கடனாளிகளாவர். இங்கேதான் அபூ ஜமீலாவின் நிகழ்ச்சி நமக்கு ஒளி தருகிறது. தந்தையும் இல்லை, தனக்கெனப் பொருளும் இல்லை, செலவைத் தாங்கும் உறவினரும் இல்லை எனும் குழந்தையின் உணவு, தொடக்கம் முதலே பொதுநிதியின் கடமையாக இருந்தது. தவறாகத் தந்தை எனத் தீர்ப்பிடப்பட்டவர் உண்மையில் பைத்துல்மாலின் கடனை அடைத்திருக்கிறார். ஆகவே அவருக்குத் திருப்பித் தர வேண்டிய இடம் பைத்துல்மால்தான் என்று கருதுவதே நீதிக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. தெரிந்தே பொய் சொல்லிப் பணம் பெற்றவரின் நிலை வேறு. அவர் அல்லாஹ்விடமும் மனிதரிடமும் பொறுப்பாளி. இறுதி முடிவு சொல்வது உலமாக்களின் பணி.

நம் மஹல்லாக்களுக்கு

நம் ஜமாஅத்துகள் பலவற்றில் பைத்துல்மால் இயங்குகிறது. குடும்ப வழக்குகளும் அங்கே வருகின்றன. ஒருவர் மீது ஜீவனாம்சம் விதிக்கும் முன் தீர விசாரிப்பது நிர்வாகிகளின் அமானிதம். விதித்தது தவறென்று தெரிந்தால், அதை ஒப்புக்கொண்டு ஈடு செய்வது கௌரவக் குறைவாகாது. ஆனால் அந்த ஈட்டை ஜகாத் நிதியிலிருந்து எடுக்கக் கூடாது. அந்நிதிக்குரிய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. பொது நன்கொடையிலிருந்து இதற்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்கி வைக்கலாம். பிறர் பொருளை முறையின்றி உண்ண வேண்டாம் என்ற அல்பகரா அத்தியாயத்தின் 188-ஆம் வசனத்தின் கட்டளை, தனிமனிதர்களைப் போலவே பொதுப்பணத்தை நிர்வகிப்போரையும் கட்டுப்படுத்தும்.

தவறாகப் பெற்றதை உரியவரிடம் சேர்க்கும் மனத்துணிவையும், அதன் சுமையைக் குழந்தைகளின் தலையில் ஏற்றாத கருணையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.