தக்காளி நாற்றங்கால்: உரத்துக்கு முன் வடிகால்

தக்காளி நாற்றங்கால் அமைக்கும்போது மண் வளத்தில் செலுத்தப்படும் கவனம் மிகுதி. நீர் வடிவதில் செலுத்தப்படும் கவனம் குறைவு. விதைப்பு முதல் பறித்து நடும் 25ஆம் நாள் வரை ஒரு நாற்று மண்ணிலிருந்து எடுக்கும் ஊட்டம் சிறிதளவே. அந்த வயதில் அதன் உலர் எடை ஒரு கிராமை எட்டுவதே அரிது. தண்டின் அடிப்பகுதியோ அந்நாட்களில் முற்றாமல் மென்மையாக இருக்கிறது. ஆகவே பாத்தி எவ்வளவு ஊட்டுகிறது என்பதைவிட, மிகை நீரை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதே நாற்றின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

இதற்கு முதற்சான்று நாற்றழுகல் நோய். இதை உண்டாக்கும் நுண்ணுயிர்களில் முதன்மையானது பித்தியம் அபனிடெர்மேட்டம். அதன் நீந்தும் வித்துகள் மண்துகள்களைச் சூழ்ந்த நீர்ப்படலத்தின் வழியே நகர்ந்து வேரையும் தண்டடியையும் அடைகின்றன. துளைகளில் காற்று நிறைந்த மண்ணில் அவற்றுக்கு வழியில்லை. நீர் தேங்கினால் பாத்தி முழுதும் வழியாகிறது. நோய் இரு நிலைகளில் தாக்குகிறது. முளைத்த நாற்று தண்டடியில் நீர்கோத்து மடிவது எவர் கண்ணுக்கும் தெரியும். மண்ணுக்குள்ளேயே முளை அழுகிப்போவது தெரிவதில்லை. விதை சரியில்லை என்ற பழியாக அது விற்றவர் மேல் விழுகிறது. முளைப்புத்திறன் குறைந்த பாத்திகளில் விதையை ஐயுறுவதற்கு முன் வடிகாலைச் சோதிப்பதே முறை.

ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம் கொண்ட மேட்டுப்பாத்தி என்னும் வழக்கமான அளவு இந்தக் காரணத்தால்தான் பொருத்தமாகிறது. இரு பக்க வாய்க்காலில் நின்று கை நீட்டினால் பாத்தியின் நடுவை எட்டலாம். களையெடுக்கப் பாத்தியை மிதிக்க வேண்டியதில்லை. மிதிபட்ட மண் இறுகினால் உயர்த்திய பயன் போய்விடும். ஆனால் உயரம் மட்டும் போதாது. களிமண்ணின் நுண்துளைகள் அடியிலுள்ள நீரை மேலே இழுத்து வைத்துக்கொள்கின்றன. கரிசலில் எழுப்பிய பாத்தி மேடாக இருந்தும் மேற்பரப்பில் ஈரம் விடாது. அங்கே கொஞ்சம் மணலைக் கலந்து சமாளிப்பது பயன் தராது. மணல் கலந்த செம்மண்ணைக் கொண்டுவந்து பாத்தி கட்டுவதே மேல். ஒரு எக்டர் நடவுக்கு மூன்று சென்ட் அளவிலான நாற்றங்கால் போதும் என்பதால், சில டிராக்டர் சுமை மண் பெருஞ்செலவாகாது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு முன்பு பயிரான இடத்தைத் தவிர்க்க வேண்டும். தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்த இவை பொதுவான நோய்களை மண்ணில் விட்டுச்செல்கின்றன.

தொழுவுரம் தேவைதான். அதன் முதல் வேலை மண்ணைப் பொலபொலப்பாக்குவது; ஊட்டுவது அதற்கு அடுத்ததே. நன்றாக மக்கி, சாண வாடை நீங்கி, சலித்த உரமே பாத்திக்கு ஏற்றது. மக்காத சாணம் கொதித்து வேரைச் சுடும். யூரியாவைத் தூவி நாற்றை விரைவில் உயர்த்தும் வழக்கம் இன்னும் தீங்கானது: நெடிதாய், நீர்த்தன்மை மிகுந்து வளரும் நாற்று அழுகலுக்கும் எளிதில் இரையாகும், நட்ட வயலின் வெயிலையும் தாங்காது.

மண்ணைத் தூய்மைப்படுத்தும் வழிகளில் செலவு குறைந்தது சூரிய வெப்பமூட்டல். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதை உலகறியச் செய்தது. நனைத்த மண்ணின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஈரம் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்துகிறது. கறுப்புத் தாள் வெப்பத்தைத் தானே வாங்கிக்கொள்வதால் மண் அந்த அளவு சூடேறாது. தமிழகத்தில் ஏப்ரல், மே வெயில் இதற்கு உகந்தது. இங்கே வரிசைமுறை முக்கியமானது. பாத்தியை முழுமையாக அமைத்த பின்னரே தாளை விரிக்க வேண்டும்; வெப்பமூட்டிய பின் ஆழக் கொத்தினால், சூடு எட்டாத அடிமண் கிருமிகளோடு மேலே வரும். பித்தியம் அபனிடெர்மேட்டம் வெப்பத்தைத் தாங்கும் இனம் என்பதால், இந்த முறை வடிகாலுக்கு மாற்றாகாது. தாளை எடுத்த பின் டிரைக்கோடெர்மாவைத் தொழுவுரத்துடன் சேர்த்து மேல்மண்ணில் கலப்பது காலியான இடத்தை நன்மை செய்யும் பூஞ்சைக்குத் தருகிறது. கார்பன்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி பூசிய விதையோடு டிரைக்கோடெர்மாவையும் சேர்ப்பது வீண். அந்த மருந்து அதையும் கொல்லும்.

விதைப்பு 10 செ.மீ. இடைவெளி வரிசைகளில், ஒரு செ.மீ. ஆழத்துக்கு மிகாமல் அமைய வேண்டும். கைவீச்சில் தூவிய பாத்தியில் நாற்று நெருங்கி, தண்டடியில் காற்று புகாமல் ஈரம் நிற்கும். வடிகால் தந்த பயனை நெருக்கம் அழித்துவிடும். விதையை மணலால் மூடி, வைக்கோல் பரப்பி, பூவாளியால் நீர் விட வேண்டும். முளை தெரிந்த அன்றே வைக்கோலை நீக்காவிட்டால் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி நாற்றுப் பருவத்தில் தொற்றினால் இழப்பு மிகுதி. பாத்தியின் மேல் கட்டும் 50 விழுக்காடு நிழல்வலை வெயிலைத்தான் தணிக்கும். அதன் கண்களில் வெள்ளை ஈ தடையின்றி நுழையும். பக்கங்களில் 40 அல்லது 50 மெஷ் நைலான் வலை தனியே வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய, 98 குழிகள் கொண்ட தட்டுகள் பரவியுள்ளன. விலையுயர்ந்த வீரிய ஒட்டு விதைக்கு அவையே தகும். விதை வீணாவது குறைவு, வேரும் அறுபடுவதில்லை. பி.கே.எம். 1 போன்ற இரகங்களை வளர்ப்போருக்கு மேட்டுப்பாத்தி இன்றும் குறைவுடையதன்று. பறிக்கும்போது வேர்கள் சில அறுந்தாலும், மண்ணில் புதையும் தண்டிலிருந்தே தக்காளி புதுவேர் விடுகிறது. நடுவதற்கு நான்கைந்து நாள் முன்பு நீரைக் குறைத்து நாற்றைக் கடினப்படுத்தி, பறிப்பதற்குச் சற்று முன் நனைத்தால் வேர் மண்ணோடு எளிதாக வரும். அப்போது வேரைப் பார்ப்பது கட்டாயம். முடிச்சுகள் தென்பட்டால் அது நூற்புழுவின் அடையாளம். அந்தப் பாத்தியின் நாற்று முழுவதையும் கழித்துவிட வேண்டும், இல்லையேல் நூற்புழு நடவு வயலிலும் குடியேறிவிடும்.