மறுதலித்தல்

மறு, தலை என்ற இரண்டும் சேர்ந்தது 'மறுதலை'. எதிர்நிலை, எதிர்ப்பக்கம், பகை என்பன அதன் பொருள்கள். அதன் வினைவடிவமான 'மறுதலித்தல்', உறவே இல்லையென்று மறுத்துவிடுவதைக் குறிக்கும். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இச்சொல்லைக் கேட்டதும் இயேசுவின் சீடரான பேதுருவின் நினைவுதான் வரும்.

மாற்கு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இதற்குரிய வினை 'அபர்னேயோமாய்'. சேவல் கூவுமுன் பேதுரு தம்மை மறுதலிப்பான் என்று இயேசு முன்னறிவிக்கும் இடத்தில் (14:30) இது வருகிறது. தம்மைப் பின்பற்ற விரும்புவோர் தங்களையே மறுக்க வேண்டும் என்று அவர் விதிக்கும் நிபந்தனையிலும் (8:34) இதே வினைதான். ஆனால், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இங்கே 'வெறுத்து' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'தன்னலம் துறந்து' என்கிறது. அதனால் இரண்டு இடங்களுக்கும் உள்ள தொடர்பு தமிழில் கண்ணில் படுவதில்லை.

தம் பாடுகளைப் பற்றி இயேசு பேசியபோது, அவை வேண்டாம் என்று தடுத்தவரும் பேதுருதான். அதற்காகக் கடுமையாகக் கடிந்துகொள்ளப்பட்டார். நிபந்தனை வருவது அதை அடுத்துத்தான். பின்னர், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு வேலைக்காரப் பெண் அவரை அடையாளம் கண்டு சொன்னதும் மறுத்தார்; கடைசியில் அந்த மனிதரைத் தெரியாது என்றார்.

சீடன் தன் சொகுசைப் பார்த்து 'உன்னை அறியேன்' என்று சொல்ல வேண்டும். பேதுரு அதைக் குருவைப் பார்த்துச் சொன்னார். உடலை வருத்திக்கொள்வதோ தன்னையே வெறுப்பதோ இச்சொல்லின் பொருளல்ல. தனக்கும் குருவுக்கும் இடையே ஒருவரை மறுத்தாக வேண்டிய வேளையில் தன்னை மறுப்பதே தன்மறுப்பு.